உப்புக்காற்றில் ஓடும் வண்டில்: நிலைபேறான உற்பத்தியில் பொருட்களினதும் கட்டமைப்புகளினதும் நம்பகத்தன்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இது எத்தினை வருசம் நிக்கும்?" என்பதே எங்கள் பட்டறைக்கு வரும் தோட்டக்காரர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னரே கேட்கும் கேள்வி. நிலைபேறான உற்பத்தியைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் பலவற்றில் இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. மூலப்பொருள் மீள்சுழற்சிக்கு உகந்ததா, செய்கைக்கு எவ்வளவு சக்தி செலவாயிற்று என்பவற்றை விரிவாக ஆராய்ந்துவிட்டு, செய்த பொருள் எத்தனை ஆண்டுகள் முறிவின்றி உழைக்கும் என்பதை மட்டும் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றார்கள். ஊதுலையில் செய்த உருக்கு ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 2 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது என்று கொண்டால், 60 கிலோகிராம் எடையுள்ள ஓர் உருக்குச் சட்டகத்தின் பங்கு 120 கிலோகிராம் ஆகும். அது நான்கு ஆண்டுகளில் முறிந்து பழைய இரும்புக் கடைக்குப் போனால் ஆண்டுக்கு 30 கிலோகிராம் கணக்கு வரும். அதே சட்டகத்தில் உரிய இடங்களில் மேலும் 6 கிலோகிராம் உருக்கைச் சேர்த்து 12 ஆண்டுகள் உழைக்க வைத்தால் ஆண்டுக் கணக்கு 11 கிலோகிராமாகக் குறைந்துவிடும். பாரம் குறைந்த வடிவமைப்பே சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாமைக்கு இந்தச் சிறு கணக்கே போதும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பொருளைப் பின்தொடர்ந்து செல்கின்றது. அது இரண்டு சோலார் பனல்களையும் ஒரு நீரிறைக்கும் மோட்டரையும் சுமந்துகொண்டு, ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்கு இழுத்துச் செல்லப்படும் இரண்டு சில்லு வண்டில். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் பங்குக் கிணறுகள் பல உள்ளமையால், முறை வரும் நாளில் வரும் இடத்துக்கு இறைப்புச் சாதனத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கின்றது. நிலையாக நட்ட சட்டகம் அங்கே உதவாது. வண்டிலுக்குச் சொல்லப்படும் முறை, மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் தாங்கிக்கோ தண்ணீர்த் தாங்கியின் நிலைக்கோ தெருவிளக்குக் கம்பத்துக்கோ சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

படி 1: பணியையும் ஆயுளையும் ஒரே வசனத்தில் எழுதுங்கள்

நம்பகத்தன்மை என்பது, குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பணியைப் பொருள் தவறாமல் செய்வதற்கான நிகழ்தகவு ஆகும். இந்த வரைவிலக்கணத்தில் உள்ள மூன்று "குறிப்பிட்ட"களையும் நிரப்பாமல் வரைபடத் தாளை விரிக்கக் கூடாது. நாங்கள் எழுதிய வசனம் இது: "கடலிலிருந்து 2 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தோட்டங்களில், நாளொன்றுக்கு 500 மீற்றர் வரை, ஆண்டுக்கு 200 நாட்கள் இழுக்கப்படும் வண்டில்களில், 10 ஆண்டுகளின் முடிவில் நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூறு சட்டகத்தில் வெடிப்பின்றி இருத்தல் வேண்டும்." ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதாடி எழுதிய வசனம் என்றாலும், பின்னர் வந்த சர்ச்சைகள் எல்லாவற்றையும் தீர்த்தது இதுவே. வசனத்தில் சட்டகம் என்று மட்டும் இருப்பதைக் கவனிக்கவும். மோட்டருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் வேறு வசனங்கள் எழுத வேண்டும்; அவற்றின் ஆயுள் குறுகியது, அவை மாற்றப்படத் தக்கவை.

படி 2: இடத்தை அளந்து அறியுங்கள்

குடாநாட்டில் கடலை விட்டு வெகுதூரம் என்று சொல்லத்தக்க ஊர் எதுவும் இல்லை. ஆயினும் எல்லா ஊர்களிலும் உப்பு ஒரே அளவில் படிவதில்லை. அலை உடையும் திறந்த கடற்கரையில் உப்புத்துளிகள் காற்றில் ஏறும் அளவுக்குக் களப்புக் கரையில் ஏறுவதில்லை; கரையிலிருந்து முதற் சில நூறு மீற்றர்களுக்குள்ளேயே படிவு வேகமாகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே பருத்தித்துறைக் கரையோரத்துக்கும் சுன்னாகத்துக்கும் ஒரே பூச்சைப் பரிந்துரைப்பவர் ஒன்றில் ஓரிடத்தில் பணத்தை வீணாக்குகின்றார், அல்லது மற்ற இடத்தில் வண்டிலை வீணாக்குகின்றார்.

எங்கள் காலநிலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மழை அரிதாகையால், படிந்த உப்பு கழுவப்படாமலே சேர்ந்துகொண்டு போகின்றது. மாரி மழை வந்து கழுவும்போதும் பனலின் மேற்புறமே கழுவப்படும், அடிப்புறச் சட்டகம் நனைவதில்லை. மழைபடாத இடம் துருப்பிடிக்காது என்று பொதுவாக நம்பப்படுகின்றது. உப்புக்காற்று உள்ள இடத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. முதலில் கரையும் இடம் பனலின் நிழலில் இருக்கும் குறுக்குச் சட்டந்தான்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நியமம் வளிமண்டலங்களைச் சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலான கடுமைக்குச் சிஎக்ஸ் என்றும் வகுத்துள்ளது. ஓர் ஆண்டில் சாதாரண உருக்கு இழக்கும் தடிப்பு 25 முதல் 50 மைக்ரோமீற்றர் என்றால் அந்த இடம் சி3, 50 முதல் 80 என்றால் சி4, 80 முதல் 200 என்றால் சி5 ஆகும். 150 மில்லிமீற்றர் நீளமும் 100 மில்லிமீற்றர் அகலமும் உள்ள உருக்குத் தகட்டைச் சுத்தமாக்கி, நிறுத்து, நைலோன் நூலால் தோட்டத்து வேலிக் கதியாலில் ஓர் ஆண்டு கட்டித் தொங்கவிடுங்கள். பின்னர் ஹெக்சமின் சேர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் துருவை மட்டும் நீக்கி, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். அமிலம் நல்ல உலோகத்தையும் சிறிது தின்னும் என்பதால், துருவற்ற இன்னொரு தகட்டையும் அதே அமிலத்தில் அதே நேரம் வைத்து, அதன் எடை இழப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுத் தகட்டின் இரு முகங்களிலும் 50 மைக்ரோமீற்றர் போயிருந்தால் எடை ஏறத்தாழ 12 கிராம் குறைந்திருக்கும். 80 மைக்ரோமீற்றர் என்றால் 19 கிராம். பத்திலொரு கிராம் காட்டும் தராசு ஒன்று போதும். ஓர் ஆண்டு காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஒரு படி கடுமையான வகையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம், ஆனால் தகட்டை இன்றைக்கே தொங்கவிட்டுவிட வேண்டும்.

படி 3: சுமைகளை எண்ணுங்கள்

சுமை என்றதும் பாரத்தையே நினைக்கின்றோம். இந்த வண்டிலில் பாரம் மிகச் சிறிய தொல்லை. இரண்டு பனல்களும் சேர்ந்து 5.2 சதுர மீற்றர் பரப்பு உள்ளவை. செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அமுக்கக் குணகத்தை 1.2 என்று எடுத்துக்கொள்ள, அவற்றின்மீது ஏறத்தாழ 860 நியூற்றன் விசை தாக்கும், அதாவது ஏறத்தாழ 88 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை. காற்றின் வேகம் இருமடங்காகி 30 மீற்றரை எட்டினால் விசை நான்கு மடங்காகி 350 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாகும். பனல்கள், மோட்டர், குழாய் எல்லாவற்றுடனும் வண்டிலின் முழு எடை 160 கிலோகிராமைத் தாண்டுவதில்லை என்பதால், அந்தக் காற்றில் அது நின்ற இடத்தில் நிற்காது. 2008 நவம்பரில் நிஷா புயலையும் 2020 டிசம்பரில் புரெவியையும் கண்ட ஊரில் இதை எழுதாமல் விட்டுவிட முடியாது. புயலுக்கு நிற்கும்படி சட்டகத்தைத் தடிப்பாக்குவதை விட, பனலைக் கிடையாக மடித்து, நிலத்தில் அறைந்த நான்கு முளைகளில் கட்டிவிடும் ஏற்பாட்டைச் செய்வது மேல். உருக்கும் மிச்சம், இழுப்பவரின் முதுகும் மிச்சம்.

மெய்யான எதிரி வரம்பு. வண்டில் வரம்பிலோ வாய்க்காலிலோ ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அச்சுக்கு அருகில் சட்டம் ஒருமுறை வளைந்து நிமிர்கின்றது. ஒரு மீற்றருக்கு ஒரு குலுக்கல் என்று வைத்துக்கொண்டால், படி 1இல் எழுதிய வசனத்தின்படி ஆண்டுக்கு 1,00,000 குலுக்கல்கள், பத்தாண்டில் 10 இலட்சம். இந்த எண் படி 5இல் தேவைப்படும்.

படி 4: பொருளைத் தெரிந்தெடுங்கள்

முதலில் உருக்கு. பொக்ஸ் பாரை (உள்ளீடற்ற சதுரக் குழாயை) வெட்டி வெல்டிங் செய்து, மேலே பெயின்ற் அடித்துக் கொடுப்பது பட்டறைகளின் வழமை. பொக்ஸ் பாரின் உட்புறத்துக்குப் பெயின்ற் போவதில்லை. ஆகவே அது உள்ளிருந்து கரைந்து, வெளியே கொப்பளம் தெரியும் நாளில் சுவர் கடதாசி ஆகியிருக்கும். சூடான நாகக் (சிங்க்) குழம்பில் முழுச் சட்டகத்தையும் தோய்த்தெடுத்தால் உள்ளும் புறமும் பூச்சு ஏறும். ஐ.எஸ்.ஓ. 1461 நியமத்தின்படி, 1.5 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக்குச் சராசரி 55 மைக்ரோமீற்றரும், 3 முதல் 6 மில்லிமீற்றருக்கு 70 மைக்ரோமீற்றரும், அதற்கு மேல் 85 மைக்ரோமீற்றரும் பூச்சு இருத்தல் வேண்டும். சி4 சூழலில் நாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரோமீற்றரும், சி5இல் 4.2 முதல் 8.4 மைக்ரோமீற்றரும் கரைகின்றது. ஆகவே 55 மைக்ரோமீற்றர் பூச்சு சி4இல் 13 முதல் 26 ஆண்டுகளும், சி5இல் 6 முதல் 13 ஆண்டுகளும் நிற்கும். எங்கள் பத்தாண்டு வசனத்துக்கு முதலாவது போதும், இரண்டாவது போதாது. அதனால் கரையோர வண்டிலுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பை எடுத்தோம். சுவரும் தடித்தது, பூச்சும் தடித்தது.

தோய்ப்பதற்கு அனுப்பும் முன்னர் இரண்டு கட்டளைகளை மறக்கக் கூடாது. வெல்டிங் முழுவதும் தோய்ப்புக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் பின்னர் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் நாகம் ஆவியாகிப் பூச்சு அழிந்துபோகும். மூடிய குழாய் ஒவ்வொன்றிலும் காற்றுப் போகவும் குழம்பு வடியவும் துளைகள் இருக்க வேண்டும். நாகக் குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகை செல்சியசு என்பதால், அடைபட்ட குழாய்க்குள் இருக்கும் ஈரம் நீராவியாகிக் குழாயை வெடிக்கச் செய்யும். இது தொட்டியருகே நிற்பவரின் உயிரைப் பற்றிய கட்டளை.

போல்ற்றுகளில்தான் நாங்கள் ஏமாந்தோம். "கல்வனைஸ்" என்று சொல்லிக் கடையொன்றில் தந்த போல்ற்றுகள் பளபளவென்று அழகாக இருந்தன. பளபளப்பே எச்சரிக்கை என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை. மின்முலாம் பூசிய போல்ற்றில் நாகத்தின் தடிப்பு 8 மைக்ரோமீற்றர் அளவிலேயே இருப்பது வழமை. சி5 சூழலில் அது ஓரிரு ஆண்டுக் கணக்கு. தோய்த்தெடுத்த போல்ற் சாம்பல் நிறமாய், மங்கலாய், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாய் இருக்கும். பூச்சுத் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைத்த பின்னர் கடைக்காரருடன் வாக்குவாதமே இல்லை.

பனலின் விளிம்புச் சட்டம் அலுமினியம். அதை உருக்குடன் நேராகத் தொடவிட்டால், உப்பு ஈரம் மின்பகுபொருளாகி, இரண்டில் செயற்பாடு கூடிய உலோகம் அனோட்டாகக் கரையத் தொடங்கும். இங்கே பரப்பளவு விகிதமே தலையாயது. கரையாத பெரிய உலோகத்தின் (கதோட்டின்) நடுவே கரையும் சிறிய அனோட்டு இருப்பது மிகவும் மோசமான நிலை; துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் சாதாரண இரும்பு போல்ற் பூட்டுவது அவ்வாறானது. அலுமினியத்தில் துருப்பிடிக்காத உருக்கு போல்ற் பூட்டுவது அதனிலும் தாங்கக்கூடியது, ஆயினும் இடையில் நைலோன் வாசர் வைத்துப் பிரித்துவிட வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரையும் அளவாகவே நம்ப வேண்டும். 304 வகை கடற்கரையில் சில மாதங்களிலேயே தேநீர்க்கறை படிந்ததுபோல் ஆகும்; 2 முதல் 3 சதவீதம் மொலிப்தனம் கலந்த 316 வகை குளோரைட்டைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூட.

மீள்சுழற்சி அலுமினியத்தால் முழுச் சட்டகத்தையும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்குச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே மீளுருக்குவதற்குப் போதும் என்பது மெய்தான். ஆனால் உருக்கைப் போன்ற தெளிவான களைப்பு எல்லை, அதாவது எத்தனை தடவை வளைத்தாலும் வெடிக்காத தகைப்பு மட்டம், அலுமினியத்துக்கு இல்லை. சிறிய தகைப்பாயினும் (ஓரலகு பரப்பில் வரும் விசையாயினும்) எண்ணிக்கை கூடக்கூட ஒருநாள் வெடிக்கும். மேலும் அதை முறையாக வெல்டிங் செய்பவர் பக்கத்து ஊரில் இல்லாவிட்டால், முதல் வெடிப்பே வண்டிலின் முடிவாகிவிடும். கூரையில் அசையாமல் கிடக்கும் சட்டகத்துக்கு நான் அலுமினியத்தைத் தயங்காமல் சொல்வேன், வண்டிலுக்குச் சொல்ல மாட்டேன்.

பிறகு பனை. துலாவில் ஆட்கள் ஏறி மிதித்து நீர் இறைத்த காலத்தில், நாள் முழுவதும் வளைந்து நிமிர்ந்த அந்த நெடுமரம் பனையே. பனையின் நார்க்கட்டுகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் இருப்பதால் வலிமை முழுவதும் கறுத்த வைரப் பகுதியில் உள்ளது. நடுவிலுள்ள சோற்றி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு. வண்டிலின் இழுகைத் தடிக்கும் மோட்டர் வைக்கும் தட்டுக்கும் வைரம் பாய்ந்த பனஞ்சலாகையைப் பயன்படுத்தினோம். இழுக்கும் கைக்கு அது சுடாது, உடைந்தால் அடுத்த வளவில் மாற்றுத் துண்டு கிடைக்கும். ஊர்ப் பொருள் என்ற பாசத்தால் அச்சுச் சட்டத்துக்கும் பனையைப் போடலாம் என்று ஒருவர் சொன்னபோது மறுத்துவிட்டேன். மரத்துக்கு மரம் வலிமை வேறுபடும் அளவு அந்த இடத்துக்கு ஆகாது, அதற்குரிய காரணத்தைப் படி 6 சொல்லும். மண்ணைத் தொடும் எந்த இடத்திலும் பனையை வைக்க வேண்டாம். கறையான் நியமங்களைப் படிப்பதில்லை.

பிளாஸ்ரிக் பாகங்களுக்கு ஒரு வரி போதும்: எங்கள் வெயிலில் வெள்ளை நைலோன் கட்டுகள் நொறுங்கிவிடும், காபன் கரி கலந்த கறுப்பு வகையையே வாங்குங்கள்.

படி 5: மூட்டுகளைச் சந்தேகியுங்கள்

முதல் வண்டில் இரண்டாம் ஆண்டின் வெங்காயச் செய்கைக் காலத்தில் பட்டறைக்குத் திரும்பி வந்தது. "அண்ணை, இழுக்கேக்க ஒரு பக்கம் சரியுது" என்றார் கொண்டுவந்த தம்பி. மண்ணைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது, அச்சைத் தாங்கும் தகட்டை நெடுஞ்சட்டத்தில் ஒட்டியிருந்த இடத்தில், ஒட்டு முடிந்து சட்டம் தொடங்கும் அந்த விளிம்பில், தலைமயிர் அளவில் ஒரு கோடு ஓடியிருந்தது. கோட்டின் கீழே வெறுந்தேநீர் நிறத்தில் ஒரு கசிவு. மழையில் ஊறிய துரு வெடிப்பிலிருந்து வடிந்த தடம் அது. வெடிப்பின்மேல் ஒரு துண்டுத் தகட்டை வைத்து ஒட்டி அனுப்பினோம். இரண்டு மாதங்களில் அந்தத் துண்டின் விளிம்பிலேயே மறுபடி வெடித்தது. கடினமான தகடு முடியும் இடத்துக்குத் தகைப்பை நாங்களே தள்ளிவிட்டிருந்தோம்.

உலோகக் களைப்பை முறையாக ஆராய்ந்தவர் ஜேர்மனியரான ஓகஸ்ற் வோலர். 1850களிலும் 60களிலும் புகையிரத அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்து, ஒருமுறை தாங்கும் சுமையை விட மிகக் குறைந்த சுமையும் போதிய தடவைகள் மீண்டால் முறிக்கும் என்று காட்டினார். வெல்டிங் செய்த மூட்டுகளுக்கு இன்று ஐரோப்பிய நியமம் தரும் வரைபில், 20 இலட்சம் தடவைகளைத் தாங்கும் தகைப்பு வீச்சே, அதாவது ஏறியிறங்கும் தகைப்பின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசமே, மூட்டின் வகுப்பு. ஆயுள், தகைப்பு வீச்சின் மும்மடிக்கு நேர்மாறாக மாறும். எங்கள் மூட்டின் வகுப்பை 63 என்று எடுத்து, வரம்பில் ஏறும்போது தகைப்பு வீச்சு 160 மெகாபஸ்கால் என்று கணித்தபோது, 63ஐ 160ஆல் வகுத்து மும்மடியாக்கி 20 இலட்சத்தால் பெருக்கக் கிடைத்த ஆயுள் ஏறத்தாழ 1,22,000 தடவை. ஆண்டுக்கு ஓர் இலட்சம் குலுக்கல் என்றால் ஓராண்டும் சில மாதங்களும். வண்டில் கணக்குத் தவறாமல் வந்திருந்தது. கணக்குப் பார்க்காமல் அனுப்பியவர்கள் நாங்கள்.

மும்மடி விதி இரு பக்கமும் வெட்டும். வீச்சைப் பாதியாக்கி 80 மெகாபஸ்காலுக்குக் கொண்டுவந்தால் ஆயுள் எட்டு மடங்காகி 9,70,000ஐத் தாண்டும், அதாவது எங்கள் பத்தாண்டுக்கு மயிரிழை குறைவு. இதற்கு வலிமை கூடிய உருக்கை வாங்கிப் பயனில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒட்டின் விளிம்பில் பிறவியிலேயே உள்ள நுண்குறைகளிலிருந்து வெடிப்பு வளர்வதால், அந்த நியம வரைபு உருக்கின் வலிமையைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் செய்தது மூன்று மாற்றங்கள். சட்டம் ஆகக் கூடுதலாக வளையும் இடத்திலிருந்து ஒட்டை அகற்றி, அச்சைத் தோய்த்தெடுத்த யூ வடிவ போல்ற்றுகளால் இறுக்கினோம். நெடுஞ்சட்டத்தின் உயரத்தை 50இலிருந்து 75 மில்லிமீற்றராகக் கூட்டினோம். தவிர்க்க முடியாத ஒட்டுகளின் விளிம்பை அரைத்து வழுவழுப்பாக்கினோம். முதல் இரண்டினால் வீச்சு 80க்குக் கீழ் இறங்கியது. மூன்றாவதால் வரும் நன்மையைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டோம், ஏனெனில் பூச்சுப் போய்த் துரு ஏறத் தொடங்கினால் களைப்பு ஆயுள் மீண்டும் குறையும்.

படி 6: பாதுகாப்புக் காரணியை நிகழ்தகவாக மாற்றுங்கள்

வலிமையின் சராசரி 300 மெகாபஸ்கால், சுமையால் வரும் தகைப்பின் சராசரி 200 என்றால் பாதுகாப்புக் காரணி 1.5 என்று எழுதிவிட்டு நிம்மதியடைகின்றோம். வலிமையின் நியம விலகல் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) 30, தகைப்பின் நியம விலகல் 40 என்று கொள்வோம். இரண்டினதும் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 50 வரும். சராசரிகளின் வித்தியாசமாகிய 100, இந்த 50இன் இரு மடங்கு. செவ்வன் பரம்பல் அட்டவணையில் அதற்குரிய முறிவு நிகழ்தகவு 2.3 சதவீதம், ஏறத்தாழ நாற்பத்துநான்கு வண்டில்களில் ஒன்று. இனி நியம விலகல்களை முறையே 15ஆகவும் 20ஆகவும் குறைப்போம். மூலம் 25 ஆகும், வித்தியாசம் அதன் நான்கு மடங்காகும், முறிவு இலட்சத்தில் மூன்றாகக் குறைந்துவிடும். இரண்டிலும் பாதுகாப்புக் காரணி அதே 1.5தான்.

பெறுமதி இந்தக் கணக்கில் இருக்கின்றது. ஒரு கிலோகிராம் உருக்கும் கூட்டாமல், ஒரே ஆள் ஒரே முறையில் வெல்டிங் செய்வது, வாங்கிய ஒவ்வொரு நீளத்தின் சுவர்த் தடிப்பையும் அளப்பது, சில்லுக்குக் காற்றடைத்த டயர் போட்டுக் குலுக்கலை மட்டுப்படுத்துவது ஆகியவற்றாலேயே நம்பகத்தன்மையை ஏற்றலாம். மீள்சுழற்சிப் பொருட்களிலும் நார்க் கலவைகளிலும் உள்ள சிக்கல் பெரும்பாலும் சராசரி வலிமை குறைவென்பது அன்று. சிதறல் அதிகம் என்பதே. பனையை அச்சுச் சட்டத்துக்கு மறுத்ததும் இதனாலேயே.

படி 7: ஒன்று போனாலும் மற்றது தாங்கட்டும்

1967 டிசம்பர் 15ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் ஒகாயோ ஆற்றின்மேல் இருந்த சில்வர் பாலம் மாலை வாகன நெரிசலில் இடிந்து விழுந்து 46 பேர் இறந்தனர். சங்கிலிபோல் கோத்திருந்த கண்சட்டங்கள் (முனைகளில் துளையுள்ள உருக்குச் சட்டங்கள்) ஒன்றில், ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் ஆழமே இருந்த வெடிப்பு அதற்குக் காரணமாயிற்று. ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டங்கள் இருந்தமையால், ஒன்று அறுந்ததும் பாரத்தை ஏற்க வேறு வழியில்லை. வண்டிலில் இதன் பொருள் எளியது: ஒவ்வொரு அச்சுத் தாங்கியையும் இரண்டு யூ போல்ற்றுகளால் பிடியுங்கள், ஒன்று மட்டும் மிஞ்சினாலும் வீடு வரை வரும்படி கணியுங்கள், அறுந்தது கண்ணில் படும் பக்கமாக அவற்றை வையுங்கள்.

படி 8: குறைந்த மாதிரிகளால் நேர்மையாகச் சோதியுங்கள்

நூற்றுக்குத் தொண்ணூறு நம்பகத்தன்மையைத் தொண்ணூறு சதவீத உறுதியுடன் சொல்ல வேண்டுமானால், 22 மாதிரிகள் முழு ஆயுளுக்கும் ஒன்றுகூட முறியாமல் ஓட வேண்டும். சிறு பட்டறை எதற்கும் இது இயலாத காரியம். சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வலொடி வைபுல் 1951இல் வெளியிட்ட பரம்பல் (முறிவுகள் காலப்போக்கில் எப்படிப் பரவும் என்று காட்டும் கணித வடிவம்) இங்கே கைகொடுக்கின்றது. அதன் வடிவ அளவு 1க்குக் குறைந்தால் பிறவிக் குறைகளால் தொடக்கத்தில் முறிபவை, 1 என்றால் தற்செயலாக முறிபவை, 1க்கு மேல் என்றால் தேய்ந்தோ களைத்தோ முறிபவை. ஒட்டுக் களைப்புக்கு 2.5 என்று எடுத்தால், இரு மடங்கு ஆயுளுக்கு ஓட்டிச் சோதிக்கும்போது மாதிரிகளின் தேவை 2இன் 2.5ஆம் அடுக்கால் வகுபட்டு, 22 என்பது 4 ஆகின்றது. நான்கு சட்டகங்களைச் செய்யலாம்.

பழைய மோட்டர் ஒன்றில் மையம் விலகிய தட்டைப் பூட்டி, செக்கனுக்கு இரண்டு தடவை சட்டகத்தை வளைக்கும்படி அமைத்தோம். 20 இலட்சம் தடவைக்கு 10 இலட்சம் செக்கன், அதாவது பதினொன்றரை நாட்களுக்குச் சற்றுக் கூட. மின்வெட்டையும் அயலவரின் முறைப்பாட்டையும் சேர்த்தால் மூன்று கிழமை. கணிப்பு பத்தாண்டுக்கு மயிரிழையில் நின்றதால் இந்தச் சோதனை எங்களுக்குச் சடங்கன்று. வடிவ அளவாகிய 2.5 ஓர் எடுகோள் என்பதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். பிழையென்று களம் காட்டினால் கணக்கைத் திருத்தலாம்.

உப்புமூட்டச் சோதனையை இதே கண்ணால் பார்க்க வேண்டாம். 35 பாகை செல்சியசில் 5 சதவீத உப்புக்கரைசலைத் தொடர்ந்து தெளிக்கும் அந்தச் சோதனை இரண்டு பூச்சுத் தொகுதிகளை ஒப்பிட உதவும். இத்தனை மணித்தியாலம் நின்றது, ஆகவே இத்தனை ஆண்டு நிற்கும் என்று மாற்றிச் சொல்ல அதில் இடமில்லை. நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் எங்கள் வேலியில் தொங்கும் தகடு அதை விட நம்பத்தக்க சாட்சி. சோலார் பனலை மட்டும் நாங்கள் சோதிக்கப் போவதில்லை. கடலோரத்துக்கு வாங்கும்போது ஐ.ஈ.சி. 61701 உப்புமூட்டச் சான்று உண்டா என்று கேட்டு வாங்கினால் போதும்.

படி 9: விற்றபின் எண்ணிக்கொண்டே இருங்கள்

ஒவ்வொரு சட்டகத்திலும் தோய்ப்புக்கு முன்னரே தொடர் இலக்கத்தை ஆழமாகக் குத்திவிடுங்கள், மேலோட்டமாகக் கீறியது நாகத்துக்குள் மறைந்துவிடும். பதிவுப் புத்தகத்தில் முறிந்து திரும்பியவற்றை மட்டும் எழுதுவது பொதுவான பிழை. பத்து வண்டில்களில் மூன்று முறிந்து, ஏழு இன்னும் ஓடுகின்றன என்றால், அந்த ஏழும் இதுவரை எத்தனை மாதம் ஓடின என்பதும் தரவே. அவற்றை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் ஆயுள் மிகக் குறைவாகத் தெரிந்து, தேவையில்லாத உருக்கைக் கூட்டிவிடுவோம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்து தைப்பொங்கல் கழிந்ததும், எல்லா வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து மூன்று கேள்விகள் கேட்கின்றோம்: ஓடுகின்றதா, நாளுக்கு எவ்வளவு தூரம், எங்காவது தேநீர் நிறக் கசிவு தெரிகின்றதா. மூன்றாவது கேள்விக்கு ஆமென்று சொன்னால் அன்று மாலையே சவர்க்காரத் தண்ணீரும் துணியும் கொண்டு போய்விட வேண்டும்.

படி 10: கழற்றத்தக்கதாகச் செய்யுங்கள்

சில்லின் பெயரிங்கைப் பாரம் கொல்வதில்லை, செம்மண் கொல்கின்றது. ஆகவே பெரிய பெயரிங் போடுவதை விட, இருபுறமும் றப்பர் மூடியுள்ள சாதாரண அளவொன்றை, சைக்கிள் கடையிலும் கிடைப்பதைப் போட்டு, இரண்டு ஸ்பானர்களால் கழற்றும்படி அமைப்பது உசிதம். வண்டில் முழுவதற்கும் இரண்டே அளவு போல்ற்றுகளைப் பயன்படுத்தினோம். அலுமினியத்தையும் உருக்கையும் றிவெற் அடித்து இணைக்கவில்லை. இறுதியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாளில் கலந்த உலோகத்துக்குக் கிடைக்கும் விலை பிரித்த உலோகத்துக்குக் கிடைப்பதிலும் குறைவு. திரும்பி வந்த அந்த முதல் வண்டிலைக் கழற்ற ஒருவருக்கு ஒரு முழு நாள் பிடித்தது, துருப்பிடித்த போல்ற்றுகளில் பாதியை அரைத்தே எடுத்தோம். புதிய வடிவத்தைப் பட்டறைச் சிறுவன் ஒன்றரை மணித்தியாலத்தில் கழற்றி, உருக்கு, அலுமினியம், பனை, வயர் என்று நான்கு குவியலாகத் தரையில் அடுக்கிவிட்டு, திரும்பப் பூட்டட்டுமா என்று கேட்டான்.